குறைந்தபட்சத் தேர்ச்சி 5: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும், எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணையும் தொகுத்துத் தரும் டிரான்ஸ்கிரிப்ட் செக்‌ஷனில் வேலை பார்க்கும் சூப்பிரண்டு, உதவியாளர் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கோவில்பட்டிக்காரன். கூட்டுறவு வங்கியில் 31 வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு இப்போது ஜெர்மனியில் முதுகலை படிக்கிறாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி உங்களிடம் எனக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். மனதில் உள்ளதை எழுத இதுதான் நல்ல நேரம். காரியம் கைக்கு வராதவரை கவுன்ட்டரில் இருப்பவரிடம் யாரும் உள்ளதைப் பேசமாட்டார்கள். 31 வருடம் நான் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவன், எனக்குத் தெரியும்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப்போவதில்லை. வேறு பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளைப் படிக்கவைத்த நண்பர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள், ஊர்ப்பெயர் மட்டும் மாறுகிறது.

மகள் முதலில் வெளிநாட்டுப் படிப்பு என்று சொன்னபோது, எனக்கு அது பணப் பிரச்சினையாக மட்டும்தான் தெரிந்தது. அவளோ எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருகிறவர்களுக்கு 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து பருவத்துக்கு 1,500 யூரோ. அந்த மாநிலத்தை அவளே பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினாள். சென்னையில் அத்தை வீட்டில் தங்கி, நுங்கம்பாக்கம் மேக்ஸ்முல்லர் பவனில் ஜெர்மன் மொழியில் ஏ1, ஏ2 நிலைகள் படித்தாள். மேசை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் இரண்டும் இல்லை. ஒருநாள் போனில், "அப்பா, சின்னப் பொண்ணுங்கிற வார்த்தையை அஃறிணையில வெச்சிருக்காங்கப்பா" என்று சொல்லிச் சிரித்தாள். விண்ணப்பங்களைப் பல கல்லூரிகளுக்காகச் சேர்த்து வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்புக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 என்று கணக்குப் போட்டு, நான்கு இடங்களோடு நிறுத்திக்கொண்டாள். கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை நான் எடுத்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் எங்கள் கையில் இருந்த வேலை. கஷ்டப்பட்டாலும் நடந்தது. நடக்காமல் நின்றது உங்கள் கையில் இருந்த வேலைதான்.

முதலில் அந்த 5 என்ற எண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜெர்மானிய மதிப்பெண் நம் கணக்குக்குத் தலைகீழ். 1.0 தான் முதல் மதிப்பெண், 4.0 என்றால் தட்டித்தடவித் தேறியது. நம் பிள்ளையின் சி.ஜி.பி.ஏ.வை, அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்துப் பத்துக்கு எடுத்த சராசரிப் புள்ளியை, அந்தக் கணக்குக்கு மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள், திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம் என்று பெயர். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நம் மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். அதை, அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்ணைக் கழித்தால் வருவதால் வகுக்க வேண்டும். வந்ததை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஜெர்மானிய மதிப்பெண். வட்டிக் கணக்கை விட எளிது.

என் மகளுடைய சி.ஜி.பி.ஏ. 7.6. குறைந்தபட்சத் தேர்ச்சி 5 என்று வைத்தால் 2.44 வருகிறது. அதையே 6 என்று வைத்தால் 2.8. அவள் குறித்து வைத்திருந்த படிப்புகளில் மூன்றில் 2.5க்கு மேல் போனால் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டார்கள். நான்கு வருடம் படித்ததற்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பதை 5க்கும் 6க்கும் இடையே உள்ள அந்த ஒரு புள்ளி முடிவுசெய்கிறது.

உங்கள் மார்க் ஷீட்டின் பின்புறம் கிரேடு அட்டவணை இருக்கிறது. தேர்ச்சிக்கான கடைசி கிரேடுக்குப் புள்ளி 6 என்று அதில் போட்டிருக்கிறது. பட்டம் வாங்கக் குறைந்தபட்சம் எவ்வளவு சி.ஜி.பி.ஏ. வேண்டும் என்பது அதில் இல்லை. உங்கள் விதிமுறைப் புத்தகத்தில் இருக்கிறது, 5 என்று. ஜெர்மனியில் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு உங்கள் விதிமுறைப் புத்தகம் எங்கே கிடைக்கும்? கையில் இருக்கும் தாளில் 6 என்று இருந்தால் அவர் 6 என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர் மேல் தப்பில்லை.

சரி, ஒரு லெட்டர்ஹெட்டில் 'குறைந்தபட்சத் தேர்ச்சி சி.ஜி.பி.ஏ. 5' என்று ஒரு வரி எழுதி, முத்திரை வைத்துக் கொடுங்கள் என்று கேட்டோம். "அப்படி ஒரு லெட்டர் நாங்க குடுக்கிறதில்லையே" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமான ஆச்சரியத்தோடு சொன்னார். அதற்குக் கட்டணம் கட்டக் கணக்குத் தலைப்பு இல்லை, தலைப்பு இல்லாததால் செலான் போட வழியில்லை, செலான் இல்லாமல் மனுவை வாங்க முடியாது. இந்தச் சங்கிலி எனக்குப் புரிகிறது. எங்கள் வங்கியிலும் இருந்தது. கோவில்பட்டியிலிருந்து ராத்திரி பஸ் ஏறி மூன்று தடவை வந்தேன். மூன்றாவது தடவை ஒரு துணைக் கட்டுப்பாட்டு அலுவலர் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதையைக் கேட்டு, பத்து நிமிடத்தில் டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காபியும் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு என் நன்றி. ஆனால் இதே பத்து நிமிடம் முதல் நாளும் அவரிடம் இருந்திருக்கும் அல்லவா?

அந்த வரியைக் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டின் பின்புறம் அச்சடித்துவிடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. புதுச் சாஃப்ட்வேர் வேண்டாம், கமிட்டி வேண்டாம். அடுத்த தடவை தாள் அச்சுக்குப் போகும்போது ஒரு வரி.

இரண்டாவது, மின்னஞ்சல்.

2022 நவம்பர் 1 முதல் ஜெர்மனிக்குப் படிக்கப்போகும் இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. நம் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் ஒரு மையம் பார்த்துச் சொல்லும். கட்டணம் 18,000 ரூபாய். சீனாவில் 2001இலேயே தொடங்கிய ஏற்பாடு இது, நமக்கு இப்போதுதான் வந்தது. போலிச் சான்றிதழ் அடிக்கிறவன் எல்லா ஊரிலும் இருக்கிறான், அதனால் அவர்கள் சரிபார்க்கத்தான் செய்வார்கள். சந்தேகம் வந்தால் சான்றிதழ் கொடுத்த பல்கலைக்கழகத்தையே மின்னஞ்சலில் கேட்பார்கள். அப்படிக் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

2024 ஜனவரியில் மகள் பணம் கட்டி எல்லாம் அனுப்பிவிட்டாள். பிப்ரவரி போனது. மார்ச் போனது. உங்கள் தரப்பிலிருந்து பதில் வரவில்லை என்று தெரிந்ததும் மறுபடி ராத்திரி பஸ். அந்த மின்னஞ்சல் முகவரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு செக்‌ஷனுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பாஸ்வேர்டு அவரிடம். அவர் லீவில். இதை என்னிடம் சொன்ன உதவியாளர் சிரித்துவிட்டார், நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? எங்கள் வங்கியில் ஒருமுறை பெட்டகச் சாவியோடு கேஷியர் சபரிமலைக்குப் போய்விட்டார்.

ஆனால் சாவி போனால் மூன்றாம் நாள் வந்துவிடும். ஏபிஎஸ் சான்றிதழ் எங்கள் கைக்கு வந்தது ஜூன் கடைசியில். மே 31 கெடு வைத்திருந்த இரண்டு கல்லூரிகள் போய்விட்டன. ஜூலை 15 கெடு இருந்த ஒன்றில் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் இடம் கிடைத்தது. விசாவுக்குத் தேதி கிடைத்தது செப்டம்பரில்.

செப்டம்பர் என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஜெர்மனிக்குப் போகும் மாணவர் ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே ஒரு பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போனபின் மாதாமாதம் ஒரு தொகைதான் எடுக்கலாம். அதுவரை மாதத்துக்கு 934 யூரோ வீதம் 11,208 யூரோ இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் மாதத்துக்கு 992 வீதம் 11,904 ஆகிவிட்டது. வித்தியாசம் 696 யூரோ, அன்றைய மதிப்பில் 60,000 ரூபாய்க்கு மேல். அது மகளுடைய பணம்தான், அவளுக்கே செலவாகப்போகிறது என்பது உண்மை. ஆனால் கடன் அனுமதியான பிறகு, இரண்டு வாரத்துக்குள் அறுபதாயிரத்தைக் கையில் புரட்ட வேண்டியவன் நான். என் மனைவியின் ஒரு ஜோடி வளையல் இப்போதும் நகைக்கடனில் இருக்கிறது, அதே கூட்டுறவு வங்கியில். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பதிவேட்டில் இப்போது என் பெயர்.

விசா வந்து அவள் போய்ச் சேர்ந்தபோது நவம்பர் பிறந்துவிட்டது. வகுப்பு அக்டோபர் நடுவிலேயே தொடங்கிவிட்டது. விடுதி அறை வேறொருவருக்குப் போய்விட்டது. முதல் மூன்று வாரம் ஒரு தெலுங்குப் பெண்ணின் அறையில் தரையில் படுத்திருந்தாள். அந்தப் பெண்ணும் காகிதத்துக்காகக் காத்திருந்து, முந்தைய வருடம் தாமதமாகப் போனவள்தானாம்.

2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மானியக் கல்லூரிகளில் 49,483 இந்திய மாணவர்கள் இருந்தார்கள் என்கிறது அந்த நாட்டுக் கணக்கு. வெளிநாட்டு மாணவர்களில் நம்மவர்கள்தான் அதிகம். ஆக, உங்களுக்கு வரும் இந்த மின்னஞ்சல்கள் எப்போதோ வரும் விருந்தாளி இல்லை, தினமும் வீட்டுக்கு வரும் தபால். அதைத் திறக்க இரண்டு பேருக்குச் சாவி கொடுங்கள்.

பெயர் விஷயம் இன்னும் வேடிக்கை. இங்கே மட்டும் கொஞ்சம் நீளமாகப் பேச அனுமதியுங்கள்.

மகளின் உண்மைப் பெயரை எழுதக்கூடாது என்பது அவள் உத்தரவு. கயல்விழி என்று வைத்துக்கொள்ளுங்கள், என் பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். உங்கள் டிகிரியில் பெயருக்கு முன்னால் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலே கூடாது, விரித்து எழுத வேண்டும். எனவே அதில் பெயர் கயல்விழி, குடும்பப் பெயர் முருகேசன். ஒரே பெண் மூன்று காகிதத்தில் மூன்று ஆள். போதாக்குறைக்கு அந்த 'ழ'. பள்ளியில் அதற்கு இசட்டும் எச்சும் போட்டார்கள், உங்கள் அலுவலகத்தில் ஒற்றை எல் போட்டுவிட்டார்கள். நாம் மார்தட்டிக்கொள்ளும் சிறப்பு ழகரம் ஒரு நோட்டரி பிரமாணப் பத்திரத்தில் போய் முடிந்தது: "மேற்படி இரு பெயர்களும் ஒரே நபரைக் குறிக்கும்."

தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு என்பதை உலகத்துக்கு விளக்க முடியாது. எங்கள் உறவில் ஒரு பையன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டான். அமெரிக்க விசாவில் அவனுடைய பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று வந்தது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பார்த்துப் பார்த்துப் பேர் வைத்த பிள்ளை, பெயர் தெரியாதவன் ஆகிவிட்டான். என் மகளை ஜெர்மனியில் எல்லோரும் 'ஃப்ராவ் முருகேசன்', அதாவது முருகேசன் அம்மணி, என்றுதான் கூப்பிடுகிறார்களாம். முதல் தடவை கேட்டபோது, அப்பா வந்திருக்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தாளாம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

இதில் நான் யோக்கியன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிட்டாவில் மாடசாமி, ரேஷன் கார்டில் மாடச்சாமி என்று இருந்ததற்காக ஒரு விவசாயியை நான் பயிர்க்கடன் மனுவோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். "ஒரு 'ச்' எழுத்துக்காகவா சார்?" என்று கேட்டார். விதி என்றேன். அவர் தாலுகா ஆபீஸுக்கு எத்தனை நாள் அலைந்தார் என்று நான் கேட்கவில்லை. உங்கள் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்த மூன்றாவது நாளில் அவர் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

தீர்வு சின்னதுதான். கடைசி செமஸ்டருக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டும்போதே ஒரு பெயர் சரிபார்ப்புத் தாள் கொடுங்கள். பாஸ்போர்ட் உள்ளவர் பாஸ்போர்ட் நகலை வைக்கட்டும், இல்லாதவர் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை வைக்கட்டும். இனிஷியலை விரித்து, ஆங்கில எழுத்துக் கூட்டலை மாணவரே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதற்குப் பிறகு தப்பு வந்தால் அது அவர் பாடு. சான்றிதழெல்லாம் டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டோம் என்று உங்கள் தரப்பில் சொல்கிறார்கள். நல்ல காரியம். எங்கள் விஷயத்தில், ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று அது திறக்கவே மறுத்தது. வேர் ஒன்றுதான், பெயர்.

உறைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருப் பையன் கனடாவுக்கு முயற்சி செய்தான். அங்கே டபிள்யூ.இ.எஸ். என்ற அமைப்பு சான்றிதழ்களை மதிப்பிடுகிறது. டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக அவர்களுக்குப் போக வேண்டும், உறை மூடி, ஒட்டிய இடத்தின் மேல் முத்திரை விழுந்திருக்க வேண்டும். மாணவர் கை அதற்குள் போகவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். இவனிடம் டிரான்ஸ்கிரிப்ட்டைக் கொடுத்தவர், வெறும் உறையையும் கூடவே கொடுத்து, "வெளில போய் நீயே ஒட்டிக்கோ தம்பி, பசை தீர்ந்துபோச்சு" என்றிருக்கிறார். அவன் ஒட்டி எடுத்துவந்து முத்திரை கேட்டபோது சாப்பாட்டு நேரம். அந்த உறை இப்போதும் அவன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. உறையின் அர்த்தம் என்ன என்று உங்கள் ஊழியருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் அவர் பசை வாங்கிவந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் கேட்டுக்கு எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடைக்காரருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எந்த நாட்டுக்கு எத்தனை செட், எந்த உறை, எங்கே முத்திரை, எந்த நாள் எந்த அதிகாரி இருப்பார் என்று அத்தனையும் விரல்நுனியில் வைத்திருக்கிறார். அதற்கு அவர் வாங்கும் பணம் உங்கள் செலானை விட அதிகம். நான் அவரிடம் போகவில்லை. நானும் ஒரு எழுத்தர் என்ற வீம்பு. போயிருந்தால் ஜூன் கடைசி ஏப்ரல் கடைசியாக ஆகியிருக்கலாம், அந்த எண்ணம் இன்னும் என்னை அறுக்கிறது.

பட்டச் சான்றிதழ் தாமதமாவதற்கு உங்களை நான் குறை சொல்லமாட்டேன். மாணவர் தகுதி பெறும் நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. துணைவேந்தர் நாற்காலியே காலியாகக் கிடக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? அது வேறு இடத்துச் சண்டை. நான் கேட்பதெல்லாம் துணைவேந்தர் கையெழுத்து தேவைப்படாத காரியங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு செமஸ்டர் மதிப்பெண்ணும் உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. ரிசல்ட் வரும் அன்றே அது தயார். ஆனால் மாணவர் மனு எழுதி, எட்டு மார்க் ஷீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து, அதில் கெசட்டட் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி உங்களிடமே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த தாள் உண்மைதான் என்று உங்களுக்கே மூன்றாம் ஆள் சாட்சி சொல்ல வேண்டுமா? கட்டணத்தை இரட்டிப்பாக்கினாலும் பரவாயில்லை. டிகிரியோடு சேர்த்து இரண்டு செட் கொடுத்துவிடுங்கள். வெளிநாடு போகாதவன் பீரோவில் வைத்துக்கொள்வான்.

இனி அந்த ஒரு காரியம். என் மகன் உங்களிடம்தான் மூன்றாம் வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். அக்காவைப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. அவன் பெயரில் 'ழ' கிடையாது, ஆனால் அதே இனிஷியல். இரண்டாம் வருட மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, முதல் வருடத்தில் பின்னால் இருந்தது. இறுதிச் சான்றிதழ் அச்சுக்குப் போக இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அவனுடைய பாஸ்போர்ட் நகலில் இரண்டு செட் எடுத்து, சுய கையொப்பம் போட வைத்து, ஒரு கவரில் தயாராக வைத்திருக்கிறேன். எந்த செக்‌ஷனில், யார் பெயருக்குக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த ராத்திரி பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். பசையும் வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கூட்டுறவு வங்கி எழுத்தர்,
கோவில்பட்டி